கணிப்பானுக்குப் புரோகிராம் எழுதப் போகிறவர்களுக்கு: மலையகத்திலிருந்து ஒரு வழிகாட்டி

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ புத்தகக் கடையில் கல்குலேட்டர் கேட்டால் கசியோவின் எஃப்எக்ஸ்-82, எஃப்எக்ஸ்-991 வகைகளைத்தான் எடுத்து வைப்பார்கள். கணக்குப் போட அவை போதும். நாமே ஒரு புரோகிராம் எழுதி உள்ளே ஏற்ற வேண்டுமென்றால் போதாது. அதற்கு வேண்டியது வரைபுக் கணிப்பான்: பெரிய திரை, எழுத்து விசைகள், கேபிள் செருக ஒரு துளை, உள்ளே ஒரு சின்னக் கணினி. அமெரிக்காவிலும் பிரான்சிலும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டு திரிகிற சாமான் இது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (இனி டி.ஐ. என்றே எழுதுகிறேன்) 1992இல் விட்ட டி.ஐ.-85 கணிப்பானுக்குள், 1994இல் பேக்கப் கோப்பைத் தந்திரமாக மாற்றி, கம்பனி எதிர்பார்க்காத புரோகிராம்களை ஓட வைத்தார்கள். இசட்ஷெல் என்று அதற்குப் பெயர். அன்று தொடங்கிய பொழுதுபோக்கு இன்னும் ஓயவில்லை.

நம் பிள்ளைகள் மடக்கை அட்டவணையோடு வளர்கிறவர்கள். ஆகவே பரீட்சைக்கு உதவும் என்று நினைத்து இதில் இறங்க வேண்டாம். எழுதிய புரோகிராமோடு எந்தப் பரீட்சை மண்டபத்துக்குள்ளும் இதைக் கொண்டுபோகவும் வேண்டாம். இறங்குவதற்கு என் கணக்கில் ஒரே ஒரு நல்ல காரணம்தான் உண்டு: ஒரு கணினியை அடிமுதல் நுனிவரை ஒரு ஆள் தனியாகப் புரிந்துகொள்ள முடிகிற அளவில் இன்னும் கையில் கிடைப்பது இதுதான். 1999இல் வந்த டி.ஐ.-83 பிளஸ்ஸில் நம் பாவனைக்கு இருக்கும் நினைவகம் 24 கிலோபைட். திரை 96 புள்ளி அகலம், 64 புள்ளி உயரம். போனில் எடுத்த ஒரே ஒரு படம் அந்த நினைவகத்தைவிட நூறு மடங்கு பெரியது. இவ்வளவு சின்ன இடத்தில் எங்கே என்ன நடக்கிறது என்று முழுசாகத் தெரிந்துகொள்ளலாம். போனில் அது நடக்காது. அதைச் செய்த கம்பனியிலேயே முழுசும் தெரிந்த ஒரு ஆள் இருக்க மாட்டார்.

வாங்குவதற்கு முன்னே எழுதத் தொடங்குங்கள்

கையில் மெஷின் இல்லாமலே முதல் படியைத் தாண்டிவிடலாம். நம்வேர்க்ஸ் என்ற பிரெஞ்சுக் கம்பனி 2017இல் ஒரு கணிப்பானை விட்டது. அதன் மென்பொருள் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை யாரும் வாசிக்கலாம். மூலநிரலின் பெரும்பகுதி வெளியே கிடக்கிறது. அதைவிட நமக்குப் பிரயோசனமான விஷயம், அந்தக் கணிப்பானின் போலியைக் கம்பனியே இலவசமாகத் தருகிறது. போன் பிரவுசரில் திறந்தால் அசல் விசைப்பலகையோடு அப்படியே வந்து நிற்கும். உள்ளே பைத்தன் இருக்கிறது. ஏ.எல். ஐ.சி.டி. படித்த பிள்ளைக்கு அந்த மொழி பழக்கப்பட்டதாக இருக்கும்.

முதல் பயிற்சியாக இதைச் செய்து பாருங்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 பாகை குறையும். உயரத்தைக் கொடுத்தால் வெப்பநிலையைச் சொல்லும் சார்பு ஒன்றை எழுதுங்கள். கடல்மட்டத்தில் 28 பாகை என்று வைத்துக்கொள்ளலாம். நுவரெலியாவுக்கு 1,868 மீற்றர் கொடுத்தால் 15.9 வரவேண்டும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இதை வாசிக்கிறவர்களுக்கு அந்த விடை சரிதான் என்று சொல்லத் தேவையில்லை. அப்புறம் உங்கள் ஊரின் உயரத்தைக் கொடுத்துப் பாருங்கள். அதே சார்பை ஒரு லூப்புக்குள் போட்டுத் திரையில் புள்ளி புள்ளியாகக் கீற வைத்தால், வரைபு என்பதைக் கணிப்பான் எப்படி உண்டாக்குகிறது என்று பிடிபட்டுவிடும். கீறுவதற்குக் கிடைக்கும் இடம் 320 புள்ளி அகலம், 222 புள்ளி உயரம். திரையின் மேல் இடது மூலைதான் பூச்சியம். கீழே இறங்க இறங்க எண் கூடும். பாடசாலையில் படித்த அச்சுக்கு இது தலைகீழ். முதல் நாள் எல்லோருக்கும் மலை பள்ளமாகத்தான் வரும்.

இந்தப் படியில் இரண்டு மூன்று வாரம் இருந்தும் அலுக்கவில்லை என்றால் மெஷின் தேடலாம். அலுத்துவிட்டால் காசு மிச்சம்.

எந்த மெஷின்

இங்கே கடையில் கிடைப்பது அருமை. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர், தெரிந்தவர் மூலமாகத்தான் வரும். பழையது போதும், புதிது வாங்கச் சொல்லி யாரையும் செலவுக்கு இழுக்க வேண்டாம். என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள், இல்லாவிட்டால் பாவம் ஏதாவது ஒரு சாதாரண கல்குலேட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

என் தெரிவு 2004இல் வந்த டி.ஐ.-84 பிளஸ், அந்தக் கறுப்பு வெள்ளைத் திரைக்காரன். 15 மெகாஹேர்ட்ஸில் ஓடும் இசட்80 செயலி, புரோகிராம்களைப் பத்திரப்படுத்த 480 கிலோபைட் ஃப்ளாஷ், கணினியோடு இணைக்க மினி யூ.எஸ்.பி. துளை, நாலு ட்ரிபிள் ஏ பேட்டரி. பேட்டரி ஹட்டனிலும் கிடைக்கும், பதுளையிலும் கிடைக்கும். டி.ஐ.-83 பிளஸ்ஸும் நல்லதுதான். ஆனால் அதில் யூ.எஸ்.பி. துளை கிடையாது; தனிக் கேபிள் தேட வேண்டும், அது மெஷினைவிட அரிது.

2015இல் வந்த டி.ஐ.-84 பிளஸ் சி.ஈ. வர்ணத் திரை கொண்டது: 320க்கு 240 புள்ளி, 48 மெகாஹேர்ட்ஸ் ஈ-இசட்80 செயலி, 154 கிலோபைட் நினைவகம், சார்ஜ் செய்கிற பேட்டரி. பிரான்சிலிருந்து வந்தால் இதே மெஷின் டி.ஐ.-83 பிரீமியம் சி.ஈ. என்ற பெயரில், விசைகளில் பிரெஞ்சு எழுத்தோடு வரும். பார்க்க அழகு. ஆனால் அதில் ஒரு பூட்டு விவகாரம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

கசியோவில் 2017இல் வந்த எஃப்எக்ஸ்-சிஜி50 நல்ல மெஷின். கேபிள் மாட்டினால் பென் டிரைவ் போலக் கணினியில் தெரியும். கோப்பை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. தனி மென்பொருள் எதுவும் இறக்க வேண்டியதில்லை என்பது சிக்னல் இல்லாத தோட்டத்தில் பெரிய சௌகரியம். ஆனால் சி மொழியில் அதற்கு எழுத வேண்டுமானால் கருவிகளும் விளக்கங்களும் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள் செய்தவை. லினக்ஸ் பழக்கமும் கொஞ்சம் வேண்டும். தொடங்குகிறவருக்கு டி.ஐ. பக்கம்தான் படிக்க அதிகம் கிடைக்கும்.

பழைய மெஷின் கைக்கு வந்ததும் முதலில் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். கசிந்து பச்சையாகப் பூத்திருந்தால் வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய வைத்துவிட்டுப் புதியது போடுங்கள். நம் பக்கத்து ஈரம் இந்த மாதிரிச் சாமானுக்கு ஆகாது. பாவிக்காத நாட்களில் பேட்டரியைக் கழற்றி, புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற அந்தச் சின்ன சிலிக்கா பைகளோடு மூடி இறுகின டின்னில் வைப்பது நல்லது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி இடிக்கிற நாளில், சார்ஜில் இருக்கிற லெப்டொப்போடு கணிப்பானைக் கேபிளில் மாட்டி வைக்காதீர்கள்.

கொழுந்துக் கணக்கு

டி.ஐ. கணிப்பானுக்குள்ளேயே ஒரு பேசிக் மொழி இருக்கிறது. கணினியே தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை. கரண்ட் போன ராத்திரியிலும் எழுதலாம். 'பிஆர்ஜிஎம்' என்று எழுதிய விசையை அழுத்தி, வலப்பக்கம் நகர்ந்து 'நியூ'வைத் தெரிந்து, எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர் கொடுத்தால் எழுதும் இடம் திறக்கும். அங்கே கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடிக்கக்கூடாது. மறுபடி 'பிஆர்ஜிஎம்' விசையை அழுத்தினால் வருகிற பட்டியலிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும். திரையில் காட்டச் சொல்லும் 'டிஸ்ப்' என்பதை நாலு எழுத்தாக அடித்தால் கணிப்பானுக்கு அது நாலு எழுத்து மட்டுமே. பட்டியலிலிருந்து எடுத்தால்தான் ஒரே பைட்டில் அடங்கிய கட்டளை. புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். எழுதி முடித்ததும் சேமிக்கத் தனி வேலை இல்லை, வெளியே வந்தால் போதும். ஓட்டுவதற்கு அதே விசையில் 'எக்செக்' பட்டியல். நடுவில் நிறுத்த 'ஒன்' விசை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நல்ல முதல் புரோகிராம் கொழுந்துக் கணக்கு. நாள் சம்பளம் ஒன்று, அன்றைக்கு எடுத்தே ஆகவேண்டிய கிலோ ஒன்று, அதற்கு மேல் எடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு தொகை. இந்த மூன்றும் தோட்டத்துக்குத் தோட்டம், வருஷத்துக்கு வருஷம் மாறுகிறவை. ஆகவே எண்களைப் புரோகிராமுக்குள் எழுதி வைக்காதீர்கள். 'இன்புட்' கட்டளையால் கேட்டு வாங்கி மாறிகளில் போடுங்கள். சம்பளம் டி, கட்டாயக் கிலோ என், மேலதிகக் கிலோவின் விலை ஆர், எடுத்த கிலோ கே.

ஒரு நாளுக்கு என்றால் 'இஃப்', 'தென்', 'எல்ஸ்' எல்லாம் போட்டு ஐந்தாறு வரி எழுதத் தோன்றும். தேவையில்லை. 'மேத்' விசையின் 'நம்' பட்டியலில் 'மேக்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. கொடுத்த இரண்டு எண்ணில் பெரியதைத் தரும். பூச்சியம் ஒன்று, கே கழித்தல் என் மற்றது. கிலோ குறைந்த நாளில் கழித்தல் விடை மறையாகப் போகும், அப்போது பூச்சியம் ஜெயிக்கும். அதை ஆரால் பெருக்கி டியோடு கூட்டினால் அன்றைய கணக்கு. ஒரே வரி.

இனி மாசம் முழுவதற்கும். 'ஸ்டாட்' விசையில் உள்ள முதல் பட்டியலில், வேலை செய்த ஒவ்வொரு நாளின் கிலோவையும் வரிசையாக அடித்துக்கொள்ளுங்கள். லூப் போட்டு ஒவ்வொன்றாக எடுக்கலாம்தான். ஆனால் இந்த மொழியின் ருசியே வேறு இடத்தில் இருக்கிறது. கட்டாயக் கிலோ 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இருந்து 18ஐக் கழி என்றால் எல்லா எண்ணிலிருந்தும் ஒரே அடியாகக் கழிக்கும். பட்டியல் 18ஐவிடப் பெரிதா என்று கேட்டால், பெரிதாக உள்ள இடத்தில் 1, இல்லாத இடத்தில் 0 என்று இன்னொரு பட்டியல் தரும். உண்மை, பொய் என்பவை இங்கே வெறும் எண்கள். ஆகவே இரண்டு பட்டியலையும் பெருக்கலாம்.

மூன்று நாள் கிலோ 22, 17, 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். 18ஐக் கழித்தால் 4, மறை 1, 7. ஒப்பிட்டால் 1, 0, 1. பெருக்கினால் 4, 0, 7. 'சம்' கட்டளையால் கூட்டினால் 11 மேலதிகக் கிலோ. கிலோ 50 ரூபா என்றால் 550. அதோடு, பட்டியலின் நீளத்தைச் சொல்லும் 'டிம்' கட்டளையின் விடையை நாள் சம்பளத்தால் பெருக்கிக் கூட்டினால் மாசக் கணக்கு முடிந்தது. லூப் இல்லை, இஃப் இல்லை.

இதற்குமேல் ஒரு மாறியைச் சேர்க்கச் சொல்வேன். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று நிறுவையில் கழிக்கிற கிலோவை சி என்று கேட்டு, பட்டியலிலிருந்து அதை முதலில் கழித்துவிட்டு இதே கணக்கை இரண்டாம் முறை போட வையுங்கள். கழித்தால் எவ்வளவு, கழிக்காவிட்டால் எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு என்று மூன்று எண் திரையில் வரும். அந்த மூன்றாவது எண்ணை வீட்டில் காட்டுங்கள். உங்கள் பொழுதுபோக்கைப் பற்றி அப்புறம் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

திரையில் ஒன்றை நகர்த்துவது

விளையாட்டு எழுதுவதென்றால் விசையை அழுத்தியது தெரிய வேண்டும். 'கெட்கீ' கட்டளை அழுத்திய விசைக்கு ஒரு எண் தரும். எதுவும் அழுத்தாவிட்டால் பூச்சியம். எண்ணை மனப்பாடம் செய்யத் தேவையில்லை: கடைசி இலக்கம் விசை இருக்கிற நிரல் (மேலிருந்து கீழ்), அதற்கு முன்னால் உள்ள எண் வரிசை. இடது அம்பு 24, மேல் 25, வலது 26, கீழ் 34, 'கிளியர்' 45, 'என்டர்' 105.

மேலே சொன்ன உண்மை ஒன்று, பொய் பூச்சியம் என்ற குணம் இங்கே மறுபடி கைகொடுக்கும். 'கெட்கீ' தந்த எண்ணைக் கே என்ற மாறியில் போடுங்கள். புதிய எக்ஸ் என்பது பழைய எக்ஸ், கூட்டல் (கே சமன் 26), கழித்தல் (கே சமன் 24). வலது அம்பை அழுத்தினால் ஒன்று கூடும், இடதை அழுத்தினால் ஒன்று குறையும், வேறு எதை அழுத்தினாலும் அசையாது. மேல் கீழ் நகர்வுக்கான 'ஒய்' மாறிக்கும் மேல் கீழ் அம்புகளோடு இதே மாதிரி. கறுப்பு வெள்ளை மெஷினில் எழுத்துத் திரை 8 வரி, வரிக்கு 16 எழுத்து. அதைத் தாண்டினால் பிழை என்று நின்றுவிடும். ஆகவே 'மேக்ஸ்', 'மின்' போட்டு எல்லைக்குள் கட்டி வையுங்கள். பழைய இடத்தில் ஒரு வெற்றிடத்தை எழுதி அழித்துவிட்டுப் புதிய இடத்தில் எழுத்தை வைத்தால் நகர்வது போலத் தெரியும். இவ்வளவையும் 'கிளியர்' அழுத்தும்வரை சுற்றும் ஒரு 'ரிப்பீட்' லூப்பில் போட்டால் பாம்பு விளையாட்டின் எலும்புக்கூடு தயார்.

புரோகிராமின் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் குதிக்க வைக்கும் 'லேபல்', 'கோட்டூ' என்ற சோடியைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். 'கோட்டூ' வரும்போதெல்லாம் கணிப்பான் புரோகிராமின் தலையிலிருந்து அந்த லேபலைத் தேடிக்கொண்டு வரும், அதனால் மந்தம். 'தென்'னுக்கும் 'எண்டு'க்கும் நடுவிலிருந்து வெளியே குதித்தால் அந்த 'எண்டு'க்காக ஒதுக்கிய நினைவகம் திரும்பாது. கொஞ்ச நேரம் விளையாடியதும் நினைவகப் பிழை வந்து நிற்கும். அந்த மாதிரிப் பிழை எங்கே என்று தேடுவது பெரிய தலைவலி. இன்னொரு சின்ன விஷயம்: வரி முடிவில் வரும் அடைப்பையும் மேற்கோளையும் மூடாமலே விடலாம். பைட் மிச்சமாகும். பழைய ஆட்களின் புரோகிராமைப் பார்த்தால் எல்லா அடைப்பும் திறந்தபடி கிடக்கும், அது அலட்சியம் இல்லை.

நாலு பைட்

பேசிக் மெதுவானது. ஒவ்வொரு கட்டளையையும் கணிப்பான் வாசித்துப் பொருள் பிரித்துத்தான் செய்யும். செயலியோடு நேராகப் பேசுவது அசெம்பிளி. இசட்80 என்பது சைலொக் கம்பனி 1976இல் விட்ட செயலி. தனிச் சில்லாக அதைத் தயாரிப்பதை 2024இல்தான் நிறுத்தினார்கள். இவ்வளவு காலம் இருந்ததால் அதைப் பற்றி எழுதாத விஷயமே இல்லை.

தொடங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். 'மெம்' பட்டியலுக்குப் போய், எழுதிய புரோகிராம்களை எல்லாம் 'ஆர்க்கைவ்' செய்துவிடுங்கள். அசெம்பிளியில் ஒரு எண் மாறினாலும் மெஷின் உறையும். உறைந்தால் ஒரு பேட்டரியைக் கழற்றிப் போட வேண்டியதுதான். ரேமில் இருந்ததெல்லாம் போய்விடும். ஆர்க்கைவில் உள்ளது நிற்கும். மெஷின் பழுதாகாது, பயப்பட வேண்டாம்.

சரி. டி.ஐ.-83 பிளஸ்ஸிலோ கறுப்பு வெள்ளை 84 பிளஸ்ஸிலோ புதிய புரோகிராம் ஒன்று திறந்து, 'கெட்டலொக்' பட்டியலில் இருந்து 'ஏஎஸ்எம்புரோகிராம்' என்ற குறியை முதலில் ஒட்டுங்கள். அதன்பின் பதினாறடிமான எண்களாக இந்த எட்டு இலக்கத்தை அடியுங்கள்: ஈ எஃப் 4 0 4 5 சி 9. வெளியே வந்து, அதே கெட்டலொக்கில் இருக்கும் 'ஏஎஸ்எம்' கட்டளையோடு அந்தப் புரோகிராமின் பெயரைச் சேர்த்து ஓட்டுங்கள். திரையில் இருந்ததெல்லாம் துடைபட்டுப் போகும்.

நடந்தது இதுதான். ஈஎஃப் என்ற பைட் செயலியை கணிப்பானின் உள்மென்பொருளிடம் அனுப்புகிறது: அடுத்து வரும் இரண்டு பைட்டில் சொல்லியிருக்கிற வேலையைச் செய் என்று. அந்த இரண்டு பைட் 40, 45. இசட்80 சிறிய பாதியை முதலில் வைக்கும் பழக்கம் கொண்டது, ஆகவே அதை 4540 என்று படிக்க வேண்டும். 4540 என்பது திரையைத் துடைக்கும் வேலையின் இலக்கம். கடைசி சி9 என்றால் வந்த இடத்துக்குத் திரும்பிப் போ. விளக்கம் தேவைப்படாத பைட் ஒன்றுகூட இதில் இல்லை. எட்டு இலக்கம் அடித்துச் செயலியோடு பேசிவிட்டீர்கள்.

இதற்குமேல் கையால் அடிக்க முடியாது. லெப்டொப்பில் ஸ்பாஸ்ம் என்ற அசெம்பிளர் வேண்டும், எழுதிய கட்டளைகளை இந்த மாதிரி எண்களாக மாற்றித் தரும் மென்பொருள் அது. முதலில் படிக்க வேண்டியது திரை. 96ஐ 64ஆல் பெருக்கி எட்டால் வகுத்தால் 768. திரையின் முழுப் படமும் நினைவகத்தில் 768 பைட். ஒரு பைட்டில் எட்டுப் புள்ளி. அந்த 768 பைட்டை எப்படி நிரப்புவது என்பதுதான் இந்த மெஷினில் வந்த எல்லா விளையாட்டின் அடிப்படையும். எழுதிப் பார்க்க எமுலேட்டர் (கணினிக்குள் ஓடும் கணிப்பான் போலி) வைத்துக்கொண்டால் நல்லது: டில்எம், வாபிட்எமு இரண்டும் கறுப்பு வெள்ளை வகைக்கு, சிஎமு வர்ண வகைக்கு. அவற்றுக்கு ரொம் கோப்பு, அதாவது கணிப்பானின் உள்மென்பொருளின் நகல், தேவை. அது கம்பனியின் சொத்து, கண்ட இடத்தில் இறக்காமல் உங்கள் மெஷினிலிருந்தே எடுங்கள். அதற்கான உதவிப் புரோகிராம்கள் எமுலேட்டரோடு வருகின்றன.

பூட்டும் சாவியும்

இயங்குதளத்தையே மாற்றி எழுத வேண்டுமென்று சிலருக்குத் தோன்றும். டி.ஐ. மெஷின் கம்பனியின் இலக்கமுறைக் கையொப்பம் இல்லாத இயங்குதளத்தை ஏற்றாது. 83 பிளஸ்ஸின் கையொப்பச் சாவி 512 பிட் ஆர்எஸ்ஏ: ஒரு பெரிய எண், அதன் காரணிகள் தெரிந்தால் யாரும் அந்தக் கையொப்பத்தைப் போடலாம். 2009இல் பெஞ்சமின் மூடி என்பவர் சாதாரண மேசைக் கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, 73 நாள் ஓட்டி, அந்த எண்ணைக் காரணிப்படுத்திவிட்டார். மற்ற மொடல்களின் சாவிகளை இன்னும் பலர் தங்கள் கணினிகளைச் சேர்த்து ஓட்டிக் கண்டுபிடித்தார்கள். கம்பனி சட்டக் கடிதம் அனுப்பியது. கணினிப் பாவனையாளர்களின் உரிமைக்காக நிற்கிற எலெக்ட்ரோனிக் ஃப்ரொண்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு அவர்களுக்காக வாதாட முன்வந்தது. எண்கள் வெளியே வந்தது வந்ததுதான். பழைய கறுப்பு வெள்ளை மெஷினை நான் சிபாரிசு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்: அது உண்மையிலேயே திறந்த பெட்டி.

வர்ண சி.ஈ. கதை வேறு. 2020இல் டி.ஐ. பரீட்சைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, புதிய இயங்குதளப் பதிப்புகளில் அசெம்பிளி, சி புரோகிராம்கள் ஓடாதபடி அடைத்துவிட்டது. அதே வருஷம் ஆர்ட்டிஃபைஸ் என்ற திறப்பு வெளிவந்து அதை மறுபடி சாத்தியமாக்கியது. நீங்கள் செய்ய வேண்டியது: சி.ஈ. மெஷின் கைக்கு வந்ததும் 'மெம்' பட்டியலில் 'அபௌட்' பார்த்துப் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினியோடு இணைக்கும்போது புதுப்பிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலே போனால் இறங்குவது கஷ்டம்.

அது சரியாக இருந்தால் சி மொழியில் எழுதுவது சுகம். சி.ஈ.க்கான கருவித் தொகுதியை சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு இணையம் தேவையில்லை. உள்ளே உதாரணப் புரோகிராம்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றை எடுத்துக் கட்டி, சிஎமுவில் ஓட்டிப் பார்த்துவிட்டு மெஷினுக்கு அனுப்புங்கள். தொகுதியோடு தனியாக வரும் நூலகக் கோப்பையும் மெஷினில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் புரோகிராம் ஓடாது.

தமிழ் எழுத்து

இந்த மெஷின்களில் தமிழ் எழுத்துரு கிடையாது. செய்தால் நாம்தான் செய்ய வேண்டும். கணக்குப் பார்த்தால் அப்படி ஒன்றும் பெரிய வேலை இல்லை.

247 எழுத்தென்று மலைக்க வேண்டாம், அத்தனை வடிவம் கீற வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம் 1. மெய்களுக்கு அகர வடிவம், புள்ளி வைத்தது, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறு வகை, பதினெட்டால் பெருக்கினால் 108. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி என்று தனியாக நாலு. 125 ஆயிற்று. ஜ, ஸ, ஷ, ஹ சேர்த்தாலும் 150க்குள் அடங்கிவிடும். ஒகரமும் ஓகாரமும் கொம்பையும் காலையும் வைத்துக் கட்டிக்கொள்ளலாம்.

அளவுதான் யோசிக்க வேண்டியது. கணிப்பானின் ஆங்கில எழுத்து 5க்கு 7 புள்ளிக்குள் இருக்கும். அதற்குள் ஞவையும் ணவையும் அடைக்க நினைத்தால் மூட்டைப்பூச்சி மாதிரித்தான் வரும். 12 அகலம், 10 உயரம் கொடுத்தால் வாசிக்க முடிகிறது. 96 புள்ளித் திரையில் வரிக்கு எட்டு எழுத்து, ஆறு வரி. ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு பைட் ஒதுக்கினால் வடிவம் ஒன்று 20 பைட். 150 வடிவம் 3,000 பைட். 24 கிலோபைட்டில் அது தாராளமாக அடங்கும். கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் பென்சிலால் நிரப்பிக் கீறிவிட்டு, வரிசை வரிசையாகத் துவித எண்ணாக்கி அடிக்கலாம். ன, ண, ள மூன்றையும் முதலில் கீறுங்கள். அவை வேறு வேறாகத் தெரிந்தால் மற்றவை தானாக வரும். சி.ஈ.யில் சொந்த எழுத்துரு ஏற்றுவதற்கென்றே ஃபொன்ட்லிப்சி என்ற நூலகம் இருக்கிறது. ஒரு எழுத்துருவில் 150 வடிவம் அதற்குச் சிரமமில்லை. கொழுந்துக் கணக்கு தமிழில் கேள்வி கேட்டால் அம்மாவும் பாவிக்கலாம்.

எழுதியதைப் பகிர்வதற்கு இணையமே வேண்டும் என்றில்லை. கறுப்பு வெள்ளை மெஷின்களில் 2.5 மில்லிமீற்றர் துளை ஒன்று உண்டு, 83 பிளஸ்ஸில் கீழ் விளிம்பில், 84 பிளஸ்ஸில் மேல் விளிம்பில். இரண்டு மெஷினையும் அதற்குரிய கேபிளால் இணைத்து, வாங்குகிறவர் 'லிங்க்' பட்டியலில் 'ரிசீவ்' அழுத்திக் காத்திருக்க, கொடுக்கிறவர் புரோகிராமைத் தெரிந்து அனுப்பினால் சில நொடியில் போய்விடும். முதலில் 'ரிசீவ்', பிறகுதான் 'சென்ட்'. மாற்றிச் செய்தால் பிழை காட்டும். சி.ஈ.யில் அந்தத் துளை இல்லை, மினி யூ.எஸ்.பி. மட்டும்தான். மூலநிரலைக் கணினியில் வைக்கும்போது கோப்பின் தலையில் எந்த மொடல், எந்தப் பதிப்பு, எந்த மாறியில் என்ன இருக்கிறது என்று தமிழில் நாலு வரி எழுதி வையுங்கள். பேசிக்கில் மாறிகள் 27தான், ஆங்கில எழுத்து 26ம் தீற்றாவும். அவை எல்லாப் புரோகிராமுக்கும் பொது. அடுத்தவருடைய புரோகிராம் நீங்கள் 'என்' மாறியில் வைத்ததை அழித்துவிட்டுப் போகலாம். ஆகவே ஓடத் தொடங்கும்போது மாறிகளுக்கு எல்லாம் மதிப்புக் கொடுத்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.